கேஸ் என்றால் எது? ஒரு கிரிப்டோ திரில்லர் நாவலின் கைப்பிரதித் திருத்தம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிரிப்டோ நாணயத்தையும் இணையக் குற்றத்தையும் களமாகக் கொண்டு தமிழில் எழுதப்பட்ட ஒரு திரில்லர் நாவல், முதல் கைப்பிரதியிலிருந்து அச்சேறும் வரை அடைந்த மாற்றங்களை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. இதில் மூவர் பங்கு பெற்றனர்: வங்கித் தணிக்கையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற எழுத்தாளர், கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிந்த தொழில்நுட்ப வாசகர், பதிப்பாசிரியரான நான். எழுத்தாளரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி நாவலின் பெயரையும் எங்கள் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கதையின் அடிப்படை எளியது. ஒரு எக்ஸ்சேஞ்சின் கணக்காளர் திடீரென இறந்துபோகிறார். நிறுவனத்தின் கணக்கில் இருக்க வேண்டிய பிட்காயின்களில் பெரும்பகுதி அங்கே இல்லை. அவை எங்கே என்பதற்கான தடயம் கணக்காளரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தேடி ஒருபுறம் அவருடைய மகளும், மறுபுறம் ஒரு ஹேக்கர் கும்பலும் புறப்படுகிறார்கள்.

முதல் வாசிப்பிலேயே கைப்பிரதியின் பலம் எதுவென்று புரிந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் ஒரு ஓட்டை எப்படி உருவாகிறது, அதை மறைப்பவர் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எப்படித் தூக்கம் இழக்கிறார் என்பதை எழுத்தாளர் உள்ளிருந்து அறிந்தவராக எழுதியிருந்தார். 2014-இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்று சொல்லித் திவாலானதையும், அதன் பிறகு, காயின்களின் சாவிகளை வைத்திருக்கும் பழைய வாலட் ஒன்றில் சுமார் 2,00,000 காயின்கள் கிடைத்ததையும் அவர் நுணுகிப் படித்திருந்தார். திருட்டைவிட, திருட்டு நடந்ததே தெரியாமல் ஒரு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் இயங்க முடியும் என்பதுதான் அவரை உலுக்கியிருந்தது. நாவலின் முதல் 100 பக்கங்கள் அந்த உலுக்கலிலிருந்தே பிறந்தவை. அவற்றில் நாங்கள் அதிகம் கைவைக்கவில்லை. கைவைத்த ஓரிடத்துக்காகப் பின்னர் வருந்தினேன்.

முதல் கைப்பிரதியில் கண்டவை

சிக்கல் நடுப்பகுதியில் தொடங்கியது. எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவாகும் பொதுப் பேரேடுதான் பிளாக்செயின்; கும்பலின் தலைவன் ‘பிளாக்செயினை உடைக்கும்’ நிரல் ஒன்றை எழுதுகிறான். பச்சை எழுத்துகள் திரையில் ஓட, சில நிமிடங்களில் அவனுக்கு யாருடைய வாலட்டும் திறந்துகொள்கிறது. உச்சக்கட்டத்தில் மகளின் நண்பன் தன் மடிக்கணினியிலிருந்தே உறுதியான ஒரு பரிவர்த்தனையைத் திருப்பி எடுத்துவிடுகிறான்.

தொழில்நுட்ப வாசகர் அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த குறிப்பை அப்படியே தருகிறேன்: “சார், இது நடக்காது. நடக்கக்கூடியது இதைவிட அசிங்கமானது, இதைவிட எளிதானது. அதை எழுதினால் என்ன?”

அவர் சொன்னதன் பொருளை அடுத்த சந்திப்பில் விளக்கினார். காயினைச் செலவழிக்க வேண்டிய ரகசியச் சாவியான பிட்காயின் தனித்திறவுகோல், 256 பிட் நீளமுள்ள எண். அதை ஊகித்துக் கண்டுபிடிப்பது எந்தக் கணினிக்கும் இயலாது. ஆகவே எவரும் அந்தப் பூட்டை உடைக்க முயல்வதில்லை; சாவி வைத்திருப்பவரைத்தான் அணுகுகிறார்கள். 2022 மார்ச்சில், ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குக் காயின்களை மாற்றும் ரோனின் பாலத்திலிருந்து, ஈத்தரியம் வலையமைப்பின் நாணயமான ஈத்தர் சுமார் 1,73,600-உம், டாலரோடு மதிப்பு கட்டப்பட்ட நிலைக்காயின்கள் 2.55 கோடி டாலருக்கும் போயின. அங்கே பணத்தை விடுவிக்க ஒப்புதல் தரும் ஒன்பது சரிபார்ப்புச் சாவிகளில் ஐந்து களவாடப்பட்டிருந்தன. பொய்யான வேலைவாய்ப்புக் கடிதம் ஒன்றை ஊழியர் ஒருவர் திறந்ததே தொடக்கம் என்று செய்திகள் வந்தன. 23-ஆம் தேதி போனது 29-ஆம் தேதிதான் தெரியவந்தது, அதுவும் பயனர் ஒருவர் பணம் எடுக்க முடியவில்லை என்று முறையிட்ட பிறகு. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்ச் ஏறக்குறைய 150 கோடி டாலர் இழந்தபோது, ஒப்பமிட வேண்டியவர்கள் ஒழுங்காகத்தான் ஒப்பமிட்டார்கள். அவர்களுடைய திரையில் தெரிந்த பரிவர்த்தனையும் உண்மையில் ஒப்பமிடப்பட்ட பரிவர்த்தனையும் வேறு வேறாக இருந்தன.

எழுத்தாளர் இவற்றைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் நான் தணிக்கையில் பார்த்ததுதானே இது. கள்ளக் கையெழுத்து, வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து” என்றார். நாவல் திரும்பிய இடம் அதுவே என்று இப்போது தோன்றுகிறது. தனக்குத் தெரியாத உலகத்தைப் பற்றி எழுதுகிறோம் என்ற பதற்றத்தில் அவர் மந்திரத்தை நாடியிருந்தார். அந்த உலகம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

காலக்குழப்பமும் இருந்தது. கதை நடக்கும் ஆண்டு எங்கும் சொல்லப்படவில்லை. ஓரிடத்தில் ஈத்தரியம் மைனிங், அதாவது கணினிகளை ஓட்டிப் பரிவர்த்தனைகளைப் பதிவுசெய்து காயின் ஈட்டும் வேலை, மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சில பக்கங்கள் தள்ளி, அது கைவிடப்பட்டுவிட்டதாக ஒரு பாத்திரம் பேசியது. ஈத்தரியம் மைனிங்கை நிறுத்தியது 2022 செப்டம்பர் 15 அன்று. இரண்டும் ஒரே மாதக் கதைக்குள் வர முடியாது.

கைப்பிரதியில் இருந்த மற்றொன்றை நான் முதலில் கவனிக்கவே இல்லை. கும்பலின் வாலட் முகவரி என்று ஒரு பக்கத்தில் முழு முகவரியும் தரப்பட்டிருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டபோது, பிளாக்செயினைப் பார்க்க உதவும் பொதுத்தளம் ஒன்றிலிருந்து, பார்ப்பதற்கு நன்றாக இருந்ததால் நகலெடுத்ததாக எழுத்தாளர் சொன்னார். அது முகம் தெரியாத யாரோ ஒருவருடைய உயிருள்ள முகவரி. அதில் அப்போது இருப்பும் இருந்தது.

பன்னிரண்டு சொற்கள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நாவலுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதாயம் இதிலிருந்துதான் வந்தது.

பெரும்பாலான வாலட்டுகள் தம் தனித்திறவுகோல்களைப் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடராக உரிமையாளரிடம் தருகின்றன. அந்தச் சொற்றொடர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர்; வேறு அடையாளம் எதுவும் கேட்கப்படுவதில்லை. முதல் கைப்பிரதியில் கணக்காளர் இந்தப் பன்னிரண்டு சொற்களை ஒரு வெண்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தார். பதினொன்று கிடைத்துவிடுகின்றன, ஒன்று கிடைக்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லைத் தேடி மூன்று அத்தியாயங்கள் ஓடின.

இரண்டு வகையில் இது நிற்கவில்லை. சொற்கள் எந்தச் சொல்லாகவும் இருக்க முடியாது. 2048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியலிலிருந்தே வர வேண்டும். அத்தகைய பட்டியல்கள் ஆங்கிலம், ஜப்பானியம், ஸ்பானியம் முதலிய சில மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. நடைமுறையில் எல்லோரும் ஆங்கிலப் பட்டியலையே பயன்படுத்துகிறார்கள். ஆகவே வெண்பா போயிற்று. எழுத்தாளர் அதைச் சீர்தளை பார்த்து எழுதியிருந்ததால் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. எனக்கும்தான்.

இரண்டாவது தடை கணக்கு சம்பந்தப்பட்டது. பன்னிரண்டு சொற்களும் சேர்ந்து 132 பிட். அதில் 128 பிட் தற்செயல் எண், கடைசி 4 பிட் சரிபார்ப்புக்கு. எந்த இடத்துச் சொல் விடுபட்டது என்று தெரிந்தால் சோதிக்க வேண்டியவை 2048 மட்டுமே. அவற்றிலும் பதினாறில் ஒன்று, அதாவது சுமார் 128, மட்டுமே சரிபார்ப்பைத் தாண்டும். தொழில்நுட்ப வாசகர் எங்கள் முன்னாலேயே ஒரு சிறு நிரலை எழுதி, வெற்று வாலட் ஒன்றை உருவாக்கி, அதன் ஏழாம் சொல்லை அழித்துவிட்டு ஓட்டிக் காட்டினார். எழுத்தாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் விடை வந்துவிட்டது. மூன்று அத்தியாயப் பரபரப்பு அந்தக் கண்ணாடித் துடைப்போடு முடிந்தது.

விடுபட்ட சொற்களின் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று யோசித்தோம். நான்கு சொற்கள் போனால் சரிபார்ப்பைத் தாண்டுபவையே ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி சேர்க்கைகள் ஆகிவிடும். ஒவ்வொன்றிலிருந்தும் திறவுகோலைப் பெறும் கணக்கு வேண்டுமென்றே மெதுவாக நடக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது மடிக்கணினிக்கு எட்டாது. ஆனால் அதன் பிறகு கதை கணினிகளை வாடகைக்கு எடுப்பதாக ஆகிவிடும். மனிதர் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

தீர்வு தற்செயலாக வந்தது. ஒரு மாலையில் எழுத்தாளர் தன் குறிப்பேட்டில் அந்தப் பட்டியலின் சில சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்தார். அது அவருடைய வழக்கம். நான் அதைப் பார்த்து, “இது என்ன, கேஸ் அடுப்பா, கோர்ட்டு கேஸா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. குறிப்பேட்டைத் திருப்பித் தொழில்நுட்ப வாசகரிடம் நீட்டினார். எரிவாயுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வழக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், இரண்டுமே அந்த 2048-இல் இருக்கின்றன. தமிழில் இரண்டும் ‘கேஸ்’. தேடியதில் மேலும் கிடைத்தன: ‘கோட்’ என்று எழுதினால் குறியீடாகவும் இருக்கலாம், ஆடாகவும் இருக்கலாம்; ‘ரைட்’ என்றால் சரி என்பதாகவும் இருக்கலாம், எழுது என்பதாகவும் இருக்கலாம்.

நாவலின் மையப் புதிர் அங்கேயே பிறந்தது. கணக்காளர் எதையும் ஒளிக்கவில்லை. ஆங்கிலச் சொற்களைத் தன் வழக்கப்படி தமிழில் எழுதிவைத்தார், அவ்வளவுதான். மகள் பன்னிரண்டையும் தட்டுகிறாள். வாலட் ஏற்க மறுக்கிறது. அப்பா பொய்யான சொற்றொடரை விட்டுச் சென்றிருக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். கும்பலும் அதையே நம்பி வேறு வழி தேடுகிறது. மூன்று சொற்களுக்கு இரண்டிரண்டு பொருள் என்பதால் எட்டே எட்டுச் சேர்க்கைகள்தான் இருந்தன. எட்டு இருக்கின்றன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கும்பலின் நிரலாளனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவனுக்காக ஒருவர் அந்தப் பக்கத்தை ‘மொழிபெயர்த்து’த் தருகிறார், தனக்குத் தோன்றிய ஒரே பொருளோடு.

எடுத்த முடிவுகள்

கதையின் காலத்தை 2021 ஏப்ரல் என்று நிலைநிறுத்தினோம். இந்த முடிவை எடுத்ததற்கு உச்சக்கட்டம் காரணம். அந்த மாதத்தில் பிட்காயின் வலையமைப்பில் நெரிசல் மிகுந்திருந்தது, கட்டணங்கள் உயர்ந்திருந்தன. குறைந்த கட்டணத்தில் அனுப்பிய பரிவர்த்தனைகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன.

முதல் வடிவத்தில் உச்சக்கட்டம் பத்து நிமிடக் கவுண்ட்டவுன் கடிகாரத்தோடு எழுதப்பட்டிருந்தது. பரிவர்த்தனைகள் தொகுதி தொகுதியாகப் பதிவாகின்றன; அந்தத் தொகுதிதான் பிளாக். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது சரி. ஆனால் அது சராசரி மட்டுமே. எந்தக் கணத்திலும் அடுத்த பிளாக் வர இன்னும் பத்து நிமிடம் ஆகலாம் என்பதே எதிர்பார்ப்பு, ஏற்கெனவே இருபது நிமிடம் காத்திருந்தாலும் கூட. ஒரு மணி நேரத்துக்கு மேல் பிளாக் வராமல் போவது ஏறக்குறைய 400-இல் ஒரு முறை. நாளொன்றுக்குச் சராசரி 144 பிளாக் என்றால், மூன்று நாளுக்கு ஒரு முறையேனும் அப்படி நடக்கும். கடிகாரத்தை எடுத்துவிடுங்கள் என்று தொழில்நுட்ப வாசகர் சொன்னபோது எழுத்தாளர் தயங்கினார். எண்ணிக் கழிக்க முடியாத காத்திருப்பு, எண்ணிக் கழிக்கக்கூடியதைவிடக் கொடியது என்பது எழுதிப் பார்த்த பிறகே அவருக்குப் பிடிபட்டது.

இறுதி வடிவத்தில் மகளும் கும்பலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சரியான சொற்றொடரை அடைகிறார்கள். கும்பல் முந்திக்கொண்டு காயின்களைத் தன் வாலட்டுக்கு அனுப்புகிறது, ஆனால் கட்டணத்தில் கஞ்சத்தனம் காட்டுகிறது. அவர்களுடைய மென்பொருள் அந்தப் பரிவர்த்தனையை ‘மாற்றத்தக்கது’ என்று தானாகவே குறித்துவிடுகிறது. பிளாக்கில் ஏறாத பரிவர்த்தனையை, அதே சாவி வைத்திருப்பவர் கூடுதல் கட்டணம் கொடுத்து வேறொன்றால் மாற்ற முடியும். மகள் மாற்றுகிறாள். அவர்கள் மீண்டும் உயர்த்துகிறார்கள். இது ஏலம், ஏலத்தொகை முழுவதும் அப்பாவின் காயின்களிலிருந்தே போகிறது, சுத்தி எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் எதையும் உடைக்கவில்லை, திருப்பி எடுக்கவுமில்லை. உச்சக்கட்டம் இப்படி அமைந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி, ஏனென்றால் வங்கித் தணிக்கையாளர் ஒருவர் எழுதிய ஏலக் காட்சி அது.

அந்தக் கட்டணம் போய்ச் சேருபவர்களுக்கு என்ன பெயர் என்பதில் சிறு தகராறு. ‘மைனர்கள்’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்குச் செயினும் சிகரெட்டுமாகத் திரியும் ஊதாரி நினைவுக்கு வருவார், அல்லது வயதுக்கு வராத பிள்ளைகள். ‘சுரங்கத்தார்’ என்றால் நிலக்கரி. கடைசியில் ‘மைனிங் செய்பவர்கள்’ என்று நீட்டியே எழுதினோம். மற்றபடி வாலட், எக்ஸ்சேஞ்ச், பிளாக் என்று மக்கள் வாயில் வழங்குபவற்றை மாற்றவில்லை. முதல் கைப்பிரதியின் இறுதியில் இருந்த ஒன்பது பக்கக் கலைச்சொல் அகராதியை நீக்கினோம். அதை நாடிப் போகும் வாசகர் கதையை விட்டுப் போகிறார்.

பணத்தைச் ‘சலவை’ செய்யும் அத்தியாயத்தில்தான் எங்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு எழுந்தது. எழுத்தாளர் சேவைகளின் பெயரோடு, எதன் பின் எது என்ற வரிசையோடு, பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். இவையெல்லாம் இணையத்தில் கிடைப்பவைதான், மறைக்க என்ன இருக்கிறது என்பது தொழில்நுட்ப வாசகரின் வாதம். கிடைப்பது வேறு, கோத்துக் கொடுப்பது வேறு என்பது என் நிலை. கடைசியில் முடிவு செய்தது என் வாதமல்ல, காலம்தான். பலருடைய காயின்களைக் கலந்து தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷ் என்ற கலப்புச் சேவை 2022 ஆகஸ்டில் அமெரிக்கத் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. பெயர்களை எழுதினால் நாவல் ஒவ்வோர் ஆண்டும் பழசாகும் என்பதை மூவரும் ஒப்புக்கொண்டோம். அத்தியாயம் ஐந்து பக்கமானது. வழிமுறை போய், அனுப்பியவனின் அச்சம் மட்டும் மிஞ்சியது.

அந்த அச்சத்துக்கு ஆதாரமாக எழுத்தாளர் மனத்தில் வைத்திருந்தது பிட்ஃபினெக்ஸ் வழக்கு. 2016 ஆகஸ்டில் அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து 1,19,756 பிட்காயின்கள் திருடப்பட்டன. பெரும்பகுதி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே வாலட்டில் கிடந்தது, எல்லோரும் பார்க்கும்படி. 2022 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் 94,000-க்கும் மேற்பட்டவற்றைக் கைப்பற்றினார்கள். சாவிகள் மேகச் சேமிப்பில் பூட்டிவைத்த ஒரு கோப்பில் இருந்தன. திருடுவதில் அல்ல, செலவழிப்பதில்தான் கதை இருக்கிறது என்று நான் கைப்பிரதியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். திருட்டை நாவலின் முடிவிலிருந்து முன்பகுதிக்கு நகர்த்தியது இதன் தொடர்ச்சி.

புலனாய்வுப் பெண் அதிகாரி முதல் வடிவத்தில் ஒரே சொடுக்கில் குற்றவாளியைக் கண்டார். பிளாக்செயின் தடம் பிடிப்பது நிகழ்தகவு சார்ந்த வேலை. ஒரே பரிவர்த்தனையில் பல முகவரிகளிலிருந்து காயின்கள் சேர்ந்து செலவானால், அவை ஒருவருடையவை என்று கொள்வது அடிப்படை ஊகம். 2008 அக்டோபர் 31 அன்று வெளியான பிட்காயின் அறிக்கையே இதைக் குறிப்பிடுகிறது. ஆனால் தொடர்பில்லாத பலர் ஒரே பரிவர்த்தனையில் கூடிச் செலவழிக்கும் முறையும் உண்டு; அப்போது அந்த ஊகம் பொய்க்கும். இதிலிருந்து ஒரு கிளைக்கதை வளர்ந்தது. படம் வரைந்து காயின்களில் கூலி வாங்கிய ஓர் இளைஞன், தன் வரவை யாரும் நோட்டமிடக் கூடாது என்று அப்படி ஒரு பரிவர்த்தனையில் சேர்கிறான். கும்பலோடு ஒரே கூட்டமாக அதிகாரியின் வரைபடத்தில் விழுகிறான். எழுத்தாளர் இதை இரண்டு பக்கத்தில் முடிக்க எண்ணியிருந்தார். முழு அத்தியாயமாக்கும்படி நான் வற்புறுத்தினேன்.

மிஞ்சியது அச்சிடத்தக்க முகவரியும் சொற்றொடரும். உயிருள்ள முகவரியை நீக்கினோம்; அதன் உரிமையாளர் யாராயினும், அவரைக் கொலைக் கும்பலாக்க எங்களுக்கு உரிமையில்லை, வாசகர் எவரேனும் விளையாட்டாகக் காயின் அனுப்பினால் திரும்ப வாங்கவும் முடியாது. பழைய வகை பிட்காயின் முகவரிகளில் பூஜ்ஜியம் என்ற எழுத்து வரவே வராது. பெரிய ஓ எழுத்தோடு குழம்பும் என்பதால் இரண்டையுமே விலக்கிவிட்டார்கள். நாங்கள் கற்பனை முகவரியின் நடுவில் ஒரு பூஜ்ஜியத்தை வைத்தோம். எந்த மென்பொருளும் அதை ஏற்காது.

சொற்றொடரில் சற்றுக் கூடுதல் வேலை. கதைப்படி எட்டுச் சேர்க்கைகளில் ஒன்று திறக்க வேண்டும். அச்சில் எட்டும் திறக்கக் கூடாது. தாறுமாறாகச் சேர்த்த பன்னிரண்டு சொற்கள் பதினாறில் ஒரு வாய்ப்பில் செல்லுபடியாகிவிடும், செல்லுபடியாகும் சொற்றொடரை அச்சில் கண்டால் யாரேனும் அதில் காயின் போட்டுவைக்கும் அபாயமும், அதைக் காத்திருந்து துடைக்கும் நிரல்களும் உண்டு. முதலில் தேர்ந்த பன்னிரண்டில் ஒரு சேர்க்கை சரிபார்ப்பைத் தாண்டிவிட்டது. கடைசிச் சொல்லை மாற்றி, எட்டும் மறுக்கப்படுகின்றன என்று தொழில்நுட்ப வாசகர் உறுதிசெய்த பிறகே அந்தப் பக்கம் அச்சுக்குப் போனது.

தொடர்ந்து நடந்தவை

திருத்திய கைப்பிரதியைக் கிரிப்டோ அறிந்தவர்கள் சிலரும் அறவே அறியாதவர்கள் சிலரும் படித்தார்கள். ‘கேஸ்’ புதிர் இரு சாராரிடமும் நன்றாக வேலை செய்தது. அறியாதவர்கள் சிலர் விடையை முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள். அறிந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கணினியில் விடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கட்டண ஏலக் காட்சியில் முதல் மாற்றம் ஏன் செல்லுபடியாகிறது என்று சிலருக்கு விளங்கவில்லை. நாற்பது பக்கம் முன்னதாக, மகள் தவறுதலாகக் குறைந்த கட்டணத்தில் ஒரு சிறு தொகையை அனுப்பி, பிறகு அதைச் சரிசெய்யும் காட்சியை எழுத்தாளர் சேர்த்தார். வாசகர் ஒரு முறை அமைதியாகப் பார்த்ததை இரண்டாம் முறை பதற்றத்தில் பார்க்கட்டும் என்பது அவருடைய கணக்கு. அது சரியாக அமைந்தது. அதிகாரியின் அத்தியாயங்கள் மெதுவாகவே நகர்கின்றன என்ற குறை கடைசிவரை நீங்கவில்லை.

நூல் அச்சாகி வந்தபோது ஒரு பிழை எங்களைப் பார்த்துச் சிரித்தது. பின்னட்டையில், ‘பிளாக்செயினையே உடைத்த ஹேக்கர்!’ என்று இருந்தது. அந்த வாசகம் முதல் கைப்பிரதியின் சுருக்கத்திலிருந்து, திருத்தம் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டது. உள்ளே ஒரு வரி விடாமல் பார்த்த எங்கள் மூவரில் ஒருவரும் பின்னட்டையைப் பார்க்கவில்லை. விவரம் தெரிந்த வாசகர்கள் சிலர் அந்த ஒரு வரியைக் காட்டியே நூலை ஒதுக்கினார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது.

மறுபடி செய்தால்

தொழில்நுட்ப வாசகரை முழுக் கைப்பிரதி முடிந்த பிறகு அழைத்தது என் தவறு. கதைச்சுருக்க நிலையிலேயே அவர் வந்திருந்தால் எழுத்தாளரின் ஏழெட்டு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும். எனினும் இதை முழு மனத்தோடு சொல்ல முடியவில்லை. வெண்பாவும் விடுபட்ட சொல்லும் முதலில் இருந்ததால்தான் அந்தக் குறிப்பேட்டில் ‘கேஸ்’ வந்தது.

நாள்காட்டித் தாள் ஒன்றை முதல் வாரத்திலேயே தயாரித்திருப்பேன்: கதை நடக்கும் நாளில் எது இருந்தது, எது இன்னும் வரவில்லை என்று. பாத்திரம் ஒன்று இன்னும் நடக்காத ரோனின் திருட்டைப் பற்றி 2021-இல் பேசிய வரியை அச்சுக்கு முந்தைய இரவில்தான் பிடித்தோம்.

முதல் 100 பக்கங்களில் ஓர் அத்தியாயத்தை நான் வெட்டினேன். கணக்காளர் ஓர் இரவு முழுக்க, வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டியதையும் கையில் இருப்பதையும் இரண்டு பத்திகளாக எழுதி, கூட்டி, மீண்டும் கூட்டி, வித்தியாசம் மாறாததைக் கண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். வேகம் குறைகிறது என்று நீக்கினேன். இன்று நீக்க மாட்டேன். அடுத்த பதிப்பில் அதைத் திரும்பச் சேர்க்கவும், பின்னட்டை வாசகத்தை மாற்றவும் முடிவாகியிருக்கிறது.

வெளியான சில வாரங்களில் எழுத்தாளருக்கு வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நூலில் அச்சான பன்னிரண்டு சொற்களை எட்டு வகையிலும் வாலட்டில் தட்டிப் பார்த்ததாகவும், எட்டும் மறுக்கப்பட்டதாகவும், கடைசிச் சொல் அச்சுப்பிழையாக இருக்கும் என்று சந்தேகிப்பதாகவும், சரியான சொல்லைத் தெரிவித்தால் நன்றியுடையவராக இருப்பார் என்றும் அதில் எழுதியிருந்தது. பிழை இல்லை என்று மட்டும் பதில் எழுதினோம்.